பேச்சுப் பயிற்சி அறையில் புலன் உணர்வுச் சிக்கலைக் கண்டறிவது எப்படி?

பேச்சு மொழிச் சிகிச்சை பயிலும் மாணவரின் கவனம் தொடக்கத்தில் ஒலிப்பிலும் சொற்களிலும்தான் இருக்கும். ஆனால் காதைப் பொத்திக்கொள்ளும், நாற்காலியில் நெளிந்துகொண்டே இருக்கும், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையைப் பற்றி 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன்பு, அந்த அறையின் ஒலியும் ஒளியும் தொடுதலும் அதன் உடலுக்கு எப்படிப் படுகின்றன என்று பார்ப்பது அவசியம்.

ஐம்புலன்களோடு, சமநிலையை உணர்த்தும் உட்காதும், உடலின் நிலையை உணர்த்தும் தசைகளும் மூட்டுகளும் இங்கே முக்கியமானவை. இவற்றையெல்லாம் மூளை ஒருங்கிணைப்பதில் ஏற்படும் சிக்கலை, அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஜீன் ஏர்ஸ் 1970களில் விரிவாக விளக்கினார். ஒரே குழந்தை ஒலிக்கு மிகையாகவும் அசைவுக்கு மிகக் குறைவாகவும் எதிர்வினை காட்டலாம். ஆகவே 'அதிக உணர்வுள்ள குழந்தை' என்று மொத்தமாக முத்திரை குத்தாமல், ஒவ்வொரு புலனையும் தனித்தனியே கவனியுங்கள்.

குழந்தை கலங்கியவுடன், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மின்விசிறியின் இரைச்சலா, கையுறையின் வாசனையா, எதிர்பாராத தொடுதலா? வாய்ப் பரிசோதனையில்தான் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஓங்கரிப்பு பொதுவாக நாக்கின் பின்பகுதியைத் தொட்டால்தான் வரும். மரக்குச்சி நாக்கின் நுனியில் பட்டதுமே குழந்தை ஓங்கரித்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். விடாப்பிடியாகத் தொடர்ந்தால், அறைக்குள் வரவே குழந்தை அஞ்சத் தொடங்கும். குச்சியை முதலில் அதன் கையில் கொடுத்து, பிறகு கன்னத்திலும் உதட்டின் வெளிப்புறத்திலும் பட அனுமதித்து, வாய்க்குள் வைப்பதை அதன் கையாலேயே செய்யவிடுவது நல்லது. மெல்லிய வருடலைவிட நிதானமான, உறுதியான தொடுதலைப் பல குழந்தைகள் எளிதாக ஏற்றுக்கொள்கின்றனர்.

அழைத்தால் திரும்பாத குழந்தைக்கு முதலில் செவித்திறன் பரிசோதனை நடந்திருக்க வேண்டும்; இதில் விதிவிலக்கே கூடாது. வீட்டில் தலை வாரும்போதும் பல் துலக்கும்போதும் குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பெற்றோரிடம் கேளுங்கள்.

2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடு (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் கண்டறிதல் வழிகாட்டி), புலன் சார்ந்த மிகை, குறை எதிர்வினைகளை ஆட்டிசத்தின் அளவுகோல்களில் சேர்த்திருக்கிறதே தவிர, தனி நோயாக ஏற்கவில்லை. எனவே மாணவர் தம் அறிக்கையில் நோயின் பெயரை எழுதாமல், 'மிக்ஸி ஓடியபோது காதைப் பொத்திக்கொண்டார்; ஒலி நின்றதும் மீண்டும் படத்தைச் சுட்டினார்' என்று கண்டதை எழுதி, மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் பரிந்துரைக்க வேண்டும்.