டென்பின் பவுலிங் பந்துல விரல் ஓட்டை போடறதுக்கு முன்னாடி உங்க பி.ஏ.பி எங்கன்னு பாருங்க

பக்கத்துல ஆடறவரோட பவுலிங் பந்து சூப்பரா வளைஞ்சு ஹூக் ஆகுதேன்னு, ட்ரில் பண்றவர் கிட்ட "எனக்கும் அதே லேஅவுட் போடுங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. லேஅவுட்னா பந்துக்குள்ள இருக்கற கோர பொறுத்து விரல் ஓட்டைங்க எங்க வரணும்ங்கற கணக்கு. நான் என் மூணாவது பந்துக்கு அப்படித்தான் சொன்னேன், அவரு போட்டா கடைசில சட்டுனு திரும்பற லேஅவுட், எனக்கு பாதி லேன்லயே உருள ஆரம்பிச்சு பின் கிட்ட போறப்ப பவரே இல்லாம போச்சு. ஏன்னா லேஅவுட்ட அளக்கறது விரல் ஓட்டைல இருந்து இல்ல, உங்க பி.ஏ.பி-ல இருந்து.

பி.ஏ.பி (பாசிட்டிவ் ஆக்சிஸ் பாயிண்ட்)-ன்னா பந்து கைய விட்டதும் எந்த அச்சுல சுத்துதோ அந்த அச்சோட முனை. வலது கைக்காரங்களுக்கு பிடியோட நடுவுல (விரல் ஓட்டைங்களுக்கும் கட்டைவிரல் ஓட்டைக்கும் நடு) இருந்து வலது பக்கமா சுமாரா 5 இன்ச் தள்ளி இருக்கும், ஆனா ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சின்ன வெள்ளை டேப்ப அங்க ஒட்டி பந்த போட்டு ஃப்ரெண்ட விட்டு ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுக்க சொல்லுங்க. முதல் சில அடில டேப் வட்டம் போட்டா இடம் தப்பு, கொஞ்சம் நகர்த்தி மறுபடி போடுங்க, அசையாம ஒரே புள்ளியா நின்னா அதுதான். அப்புறம் பிடியோட நடுவுல இருந்து பக்கவாட்டுல எவ்ளோ, மேலயா கீழயா எவ்ளோன்னு அளந்து வைங்க.

இப்ப பின். நிக்கற பத்து பின் இல்ல, பந்து மேல தெரியற கலர் புள்ளி, உள்ள இருக்கற கோரோட (கனமான உள்கட்டி) தலை எங்கன்னு காட்டறது. இந்த புள்ளிக்கும் பி.ஏ.பி-க்கும் நடுவுல 3⅜ இன்ச் இருந்தா ஃப்ளேர் (உருளறப்ப அச்சு நகர்ந்து, ஒவ்வொரு சுத்துலயும் பந்தோட வேற இடம் லேன்ல படறது) உச்சம், 6¾ இன்ச்சுக்கோ பி.ஏ.பி மேலயேவோ போனா ரொம்ப கம்மி. திரும்பி வந்த பந்த துடைக்காம பாருங்க, லேன்ல தடவியிருக்கற எண்ணெய் பந்து மேல விட்ட கோடுங்க விசிறி மாதிரி பிரிஞ்சிருந்தா ஒவ்வொரு சுத்துலயும் காஞ்ச பரப்பு லேன்ல பட்டிருக்கு, அதான் பிடிப்பு. எல்லாம் ஒரே கோட்டுல இருந்தா எண்ணெய் மேல எண்ணெய், வழுக்கும்.

பந்து வடிவமைப்பாளர் மோ பினெல் கொண்டு வந்த டூயல் ஆங்கிள் முறைல இந்த தூரத்தோட சேர்த்து ரெண்டு கோணம் இருக்கு. ட்ரில்லிங் ஆங்கிள் சின்னதா இருந்தா சீக்கிரம் உருளும், பெருசா இருந்தா தள்ளிப் போய் உருளும். VAL ஆங்கிள் (பி.ஏ.பி வழியா போற செங்குத்து அச்சுக் கோட்டுக்கும் பின்-பி.ஏ.பி கோட்டுக்கும் நடுவுல உள்ள கோணம்) சின்னதா இருந்தா, அதாவது பின் விரலுக்கு மேல வந்தா, காஞ்ச இடத்துல வெடுக்குனு திரும்பும், பெருசா இருந்தா வளைவு மெதுவா இருக்கும். வேகம் அதிகம், சுழற்சி கம்மின்னா கோணங்கள சின்னதா கேளுங்க, சுழற்சி ஜாஸ்தின்னா பெருசா.

பழைய குறிப்புகள்ல கூடுதலா ஒரு ஓட்டை போட்டு சரி பண்ணலாம்னு இருக்கும், அத விட்டுடுங்க, 2020 ஆகஸ்ட் 1-ல இருந்து அமெரிக்காவோட பவுலிங் அமைப்பான யூ.எஸ்.பி.சி இந்த மாதிரி பேலன்ஸ் ஓட்டைய தடை பண்ணிடுச்சு. பந்து போற விதம் பிடிக்கலன்னா, பழைய ஓட்டைய அடைச்சு (பிளக் பண்ணி) மறுபடி ட்ரில் பண்ண ஓடறதுக்கு முன்னாடி மேல்பரப்ப மாத்திப் பாருங்க, 2000 க்ரிட் பேட் போட்டு தேச்சாலே பாலிஷ் பந்து சீக்கிரம் பிடிக்க ஆரம்பிக்கும், பல நேரம் லேஅவுட்ட விட அதுதான் ஜாஸ்தி வித்தியாசம் காட்டும்.