முதுகெலும்பில் திருகு போடும் முன் எலும்பை அளந்துவிடுங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வரும் அம்மாக்களின் கையில் எம்ஆர்ஐ படம் இருக்கும். நரம்பு எங்கே நசுங்குகிறது என்பதை அது காட்டும். திருகைத் தாங்க எலும்புக்குத் தெம்பு இருக்கிறதா என்பதற்குத் தனியாக அளக்க வேண்டும். முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இணைப்பு அறுவையில் திருகும் கம்பியும் தற்காலிகப் பிடிமானம்தான். எலும்பும் எலும்பும் ஒட்ட 6 முதல் 12 மாதம் பிடிக்கும். எலும்பு கரையான் அரித்த பலகையாக இருந்தால் அதற்குள் திருகு ஆடத் தொடங்கிவிடும். ஆகவே தேதி குறிக்கும் முன்பே எலும்பு அடர்த்தியைக் கேளுங்கள்.

முதலில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அறிக்கையில் டி-ஸ்கோரைப் பாருங்கள். உங்கள் எலும்பை ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண் அது. மைனஸ் 1 அல்லது அதற்கு மேல் சரி. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் என்றால் அடர்த்தி குறைந்திருக்கிறது. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வயதானவர்களின் கீழ்முதுகில் எலும்பு முள்போல வளர்ந்திருக்கும், முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும். டெக்ஸா அதையும் சேர்த்தே எண்ணும். முதுகு மைனஸ் 0.8 என்று நன்றாகத் தெரியும்போது இடுப்பு மைனஸ் 2.6 ஆக இருக்கலாம். இடுப்பு எண்ணை நம்புங்கள். முன்கை எலும்பையும் அளக்கச் சொல்லலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு எண் நன்றாக இருந்தும் எலும்பு எளிதில் உடையும் என்பதால், அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே எடுத்த சிடி ஸ்கேன் இருந்தால் புதுச் செலவில்லாமல் இன்னொரு அளவு கிடைக்கும். எல்1 எனப்படும் கீழ்முதுகின் முதல் எலும்பின் நடுத்துண்டுப் படத்தில், ஓரத்துக் கெட்டி எலும்பையும் பின்பக்கத்து நரம்புக்குழலையும் சிரைப் பள்ளத்தையும் தொடாமல், உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற பகுதியில் முட்டை வடிவ வட்டம் போட்டு சிடி படத்தில் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணின் சராசரியைப் பார்ப்பார்கள். 110-க்குக் கீழே என்றால் எலும்புப்புரையைச் சந்தேகிக்க வேண்டும். 160-க்கு மேல் என்றால் பெரும்பாலும் நிம்மதி. சாய மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனில் எண் கூடிக் காட்டும் என்பதை மறக்கக் கூடாது.

எலும்பு பலவீனம் என்று தெரிந்தால் காத்திருக்க நேரம் உண்டா என்று கேளுங்கள். கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ காத்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு எலும்பை வளர்க்கும் டெரிபாராடைட் ஊசியை நாளுக்கு 20 மைக்ரோகிராம் வீதம், அறுவைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கி, பிறகும் தொடர்வது ஒரு வழி. மாதம் 210 மில்லிகிராம் ரோமோசோஸுமாப் ஊசி இன்னொன்று. ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அது கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் எலும்புப்புரை ஊசியான டெனோசுமாப் போடுபவர்கள் தவணையைத் தள்ளவே கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து கூடும். ரத்தத்தில் வைட்டமின் டி லிட்டருக்கு 75 நானோமோலை எட்டட்டும். மூட்டுவலிக்கு வாங்கிச் சாப்பிடும் ஜாமு என்ற மூலிகை மருந்து, பொடி எதையும் மறைக்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது, அது எலும்பை அரிக்கும். புகைப்பதை அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

அறுவையில் என்ன செய்வார்கள்? திருகு நுழையும் எலும்புத் தண்டை நிறைக்கும் அளவுக்குத் தடித்த திருகு தேர்ந்தெடுப்பார்கள். கீழ்முதுகில் பெரும்பாலும் 6.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். மரை வெட்டும்போது திருகைவிட 1 மில்லிமீட்டர் சிறிதாக வெட்டினால் பிடி கூடும். போட்ட திருகை அடிக்கடி பின்னுக்குத் திருப்பினால் பிடி தளரும். அதற்கும் மேலே துளையுள்ள திருகு வழியே, ஒன்றுக்குச் சுமார் 1.5 முதல் 3 மில்லி எலும்புச் சிமெண்ட் செலுத்தலாம். சிமெண்ட் பற்பசைபோலக் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் சிரை வழியே நுரையீரலுக்கோ நரம்புப் பக்கமோ கசியும், அதனால்தான் எக்ஸ்ரே பார்த்தபடியே செலுத்துகிறார்கள். கிருமி தொற்றினால் இந்தத் திருகைக் கழற்றுவதும் கடினம்.

வீடு திரும்பும்போது முதல் எக்ஸ்ரேயின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த படங்களை அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். திருகைச் சுற்றி 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கருப்பு வளையம் தெரிந்தால் திருகு தளர்ந்திருக்கலாம். எழும்போதும் புரளும்போதும் வலி புதிதாகத் திரும்பினால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.