மண்டபத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: குசினியில் இரண்டு வாரச் சாப்பாடு

2022 மார்ச் 22ஆம் தேதி இலங்கையிலிருந்து 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள் என்ற செய்தி எங்கள் மண்டபம் அகதி முகாமுக்கு வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். குண்டுக்குப் பயந்து வரவில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். கை அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த குடும்பங்களும் இதையேதான் சொன்னார்கள். 400 கிராம் பால்மா இலங்கைக் காசில் 790 ரூபாய், காஸுக்கு விடிய விடிய வரிசை, பிள்ளைக்கு ஒரு நேரம், பெரியவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த வருஷம் செப்டம்பரில் கொழும்பில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்திய வருஷத்தைவிட 94.9 சதவீதம் ஏறி நின்றது.

அதை எல்லாம் பார்த்து வந்த உங்களுக்கு வரிசையும் தட்டுப்பாடும் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நான் 2006இல் வந்து இந்தக் கரையிலேயே இத்தனை வருஷம் சமைத்தவள். இங்கே பஞ்சம் வேறு மாதிரி வரும். கடையில் சாமான் இருக்கும், வாங்கக் கையில் காசு இருக்காது. அதுவும் எந்த மாதத்தில் என்று பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். முன்கூட்டியே தெரிகிற பஞ்சத்துக்கு ஏழை வீட்டாலும் ஆயத்தமாக முடியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மாதங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், நாட்டுப்படகுக்கு மட்டும் தடை இல்லை. படகு நின்றால் அணைவது படகுக்காரர் வீட்டு அடுப்பு மட்டும் அல்ல. ஐஸ் உடைக்கிறவர், நண்டு உடைக்கப் போகிற பெண்கள், கருவாடு காயப் போடுகிற இடத்தில் வேலை செய்கிறவர்கள், எல்லாருக்கும் கூலி நிற்கும். அடுத்தது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வாடைக்காற்றும் மழையும். கடலுக்குப் போக முடியாது. நம் ஆட்கள் அதிகம் போகிற பெயின்ட் வேலையும் கொத்து வேலையும் மழையில் நடக்காது. இந்த இரண்டு காலத்துக்கும் முன்னால், அதாவது பங்குனியிலும் புரட்டாசியிலும், வீட்டில் இரண்டு வாரத்துக்குச் சாப்பாடு இருக்க வேண்டும். (நாம் கிழமை என்று சொல்வதை இங்கே வாரம் என்பார்கள். இங்கே கிழமை என்றால் திங்கள், செவ்வாய் என்று நாளைத்தான் நினைப்பார்கள். கடையில் இரண்டு கிழமைக்கு என்று கேட்டால் விழிப்பார்கள்.)

இரண்டு வாரம் என்றால் எவ்வளவு? நான்கு பெரியவர்கள், இரண்டு நேரம் சோறு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம் அரிசி என்று வைத்தால் 20 கிலோ வரும். பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர் சிக்கனமாகப் புழங்கினால் போதும், புளி அரைக் கிலோ, வற்றல் மிளகாய் கால் கிலோ, உப்பு 1 கிலோ. இதுதான் அடித்தளம். இதை ஒரே நாளில் வாங்கப் போகாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் அப்படித்தான் வாங்கினேன். வந்த வருஷம், முகாமில் இனி அரிசி கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் விசாரிக்கவில்லை. காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து 50 கிலோ மூட்டை ஒன்று வாங்கி மூலையில் நிறுத்தினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குத் தெம்பாக இருந்தது. ஐப்பசி மழையில் தரையில் ஈரம் ஊறி மூட்டையின் அடி கட்டி தட்டிவிட்டது. கார்த்திகையில் வண்டும் வந்து, ஒரு மாதிரி வாடையும் வந்து, மூன்றில் ஒரு பங்கை அள்ளி வெளியே கொட்டினேன். முகாம் அரிசி நிற்கவே இல்லை. தோட்டை மீட்க இரண்டு வருஷம் ஆனது. பசியைப் பார்த்து வந்தவர்களுக்கு மூட்டையைக் கண்டால் வருகிற அந்தத் தெம்பு எனக்குத் தெரியும், அதனால்தான் பயமாக இருக்கிறது.

அப்படியானால் எப்படிச் சேர்ப்பது? வழக்கமாக வாங்குவதில் ஒரு கைப்பிடி கூட. அரிசி 5 கிலோ வாங்கப் போனால் 6 கிலோ. அந்த ஒரு கிலோவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆனால் தனியாகவே விட்டுவிடாதீர்கள். புதிய அரிசி வந்ததும் அது சேமிப்புக்குப் போகட்டும், பழையது உலைக்கு வரட்டும். மூடி போட்ட நீல டிரம்மில் வைத்து, டிரம்மை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். தகரப் பீப்பாய் இந்த உப்புக் காற்றுக்கு இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கும். நிழலில் காய்ந்த வேப்பிலையும் நாலைந்து செத்தல் மிளகாயும் நடுவில் போட்டு வைத்தால் வண்டு குறையும். அரிசியை வெயிலில் காயப் போடாதீர்கள், நொய்யாக உடையும். பருப்பைத் தாராளமாகக் காய வைக்கலாம்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் தமிழ்நாடு அரசு உதவித்தொகையைக் கூட்டியபோது குடும்பத் தலைவருக்கு மாதம் 1500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1000, சிறுவர்களுக்கு 500 என்று வைத்தது. முகாம்களின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனால் 2022 முதல் வந்தவர்களுக்குப் பதிவும் உதவித்தொகையும் எங்களுக்குப் போல உடனே அமையவில்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடாமல், உங்களுக்கு என்ன உண்டு என்று முகாம் அலுவலகத்தில் நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை உடனே பள்ளியில் சேருங்கள். படிப்புக்காக முதலில், சாப்பாட்டுக்காகவும்தான். அரசுத் தொடக்கப்பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் சாப்பாடு, மத்தியானம் முட்டையோடு சத்துணவு. சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. பால்மா இல்லையே என்று தவிக்கிற தாய்மார் முதலில் அங்கே போங்கள்.

வட்டிக்குக் கொடுத்துத் தினம் வசூலிக்கிற தண்டல்காரரிடம் கடன் வாங்கி மட்டும் சாமான் சேர்க்காதீர்கள். கடைக்கார அண்ணாச்சியிடம் பற்று வைத்துக்கொள்வது வேறு. (இங்கே முதலாளி என்று கூப்பிட்டால் சிரிப்பார், அண்ணாச்சி என்றால் போதும்.) மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் கொடுத்துத் தீர்க்கிற வீட்டுக்கு அவர் மழைக்காலத்தில் இல்லை என்று சொன்னதில்லை. வாங்கினதை அவர் நோட்டில் எழுதும்போதே நீங்களும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

விலை ஏறுகிற சாமானை அது இல்லாமல் சமைக்கப் பழகுவதும் ஒரு ஆயத்தம்தான். 2019 கடைசியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, 2023 ஜூலையில் தக்காளி தாண்டியது. தக்காளி இல்லாவிட்டால் புளி இருக்கிறது. நம் சமையலுக்குத் தக்காளி பெரிதாகத் தேவையும் இல்லை. வெங்காயம் மலிவாக இருக்கும்போது வடகம் போட்டு வையுங்கள். மாசி முதல் சித்திரை வரை மிளகாய் வெயிலில் சிவந்து கிடக்கும் ஊர் இது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. வருஷத்துக்குத் தேவையான தூளை அப்போதே வறுத்து இடித்து வைத்துவிடலாம். நம் ருசியில் தூள் இங்கே கடையில் கிடைக்காது, கொத்தமல்லியையும் பெருஞ்சீரகத்தையும் நாமேதான் வறுக்க வேண்டும்.

கருவாடு தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள். நெத்திலி, காரல், வாளை போதும். கடையிலிருந்து கொண்டுவந்ததை அப்படியே கட்டி வைக்காமல் இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். வாளையை வளைத்தால் வளையக் கூடாது, முறிய வேண்டும். ஆறிய பிறகு காகிதத்தில் சுற்றி மண்சட்டியில் வையுங்கள். மழை மாதத்தில் வாரம் ஒருமுறை திறந்து, வெயில் எட்டிப் பார்க்கிற நேரமெல்லாம் காட்டுங்கள். அரிசிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், அரிசி வாடை பிடிக்கும்.

எனக்கு மனசுக்குப் பிடித்தது பனங்கிழங்கு. தையிலும் மாசியிலும் இந்த ஜில்லா முழுக்கக் கட்டுக் கட்டாக விற்பார்கள். இங்குள்ளவர்கள் அவித்து அன்றைக்கே தின்பார்கள். நாம்தான் அதை வருஷம் முழுக்க வைத்துச் சாப்பிடத் தெரிந்தவர்கள். தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவியுங்கள். ஆறியதும் நுனியையும் நடுத் தும்பையும் எடுத்து இரண்டாகக் கிழித்துப் பாயில் பரப்புங்கள். நாலாம் நாள் மேல்பக்கம் சுருங்கி மெழுகு மாதிரி இருக்கும், போதும் என்று தோன்றும், எடுத்துவிடாதீர்கள். ஆறேழு நாள் ஆன பிறகு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சுள்ளி போலச் சத்தத்தோடு ஒடிந்தால் புழுக்கொடியல் ஆயிற்று. காற்றுப் புகாத டப்பாவில் அடுத்த கிழங்குக் காலம் வரை இருக்கும். தேங்காய்ச் சொட்டோடு பிள்ளைக்குக் கொடுத்தால் ஒரு நேரம் தாங்கும். அவிக்காமல் கிழித்துக் காய வைத்தால் ஒடியல். இடித்து மாவாக்கிக் கூழ் காய்ச்சலாம், மாவைத் தண்ணீரில் ஊற வைத்து வடித்து எடுத்தால் கசப்புப் போகும். என் அயல்வீட்டு மண்டபத்து அக்கா முதல் தடவை ஒடியல் கூழ் குடித்துவிட்டு, இதை ஏன் எங்கள் ஊரில் ஒருத்தரும் செய்யவில்லை என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு தையிலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பாய் விரிக்கிறோம். இனிப்புக்குச் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, அது சீனியைவிட விலை கூடத்தான், ஆனால் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம்.

விறகுக்குக் கவலை இல்லை, சீமைக் கருவேலம் எங்கும் உண்டு. மழைக்கு முன்னால் ஒரு சாக்குக் கரியும் இரண்டு கட்டு விறகும் கூரைக்குக் கீழே ஏற்றி வைத்தால் காஸ் தீர்ந்த நாளில் சமாளிக்கலாம். கரி அடுப்பைக் கதவு சாத்திய அறைக்குள் மூட்டாதீர்கள், புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் நச்சுக் காற்று ஆளைக் கொல்லும்.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. மண்டபத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குடிக்க வருவது குழாய்த் தண்ணீர், கோடையில் அது நாள் தவறி வரும், அப்போது குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டும். மழையில் வேறு பிரச்சினை. 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தெருவெல்லாம் கலங்கல், குடிக்க ஒரு சொட்டு எங்கே எடுப்பது? குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், மூன்று குடத்துக்குக் கொஞ்சம் மேல். மூடி வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை புழங்கிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். மழை நாளில் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கடைசியாக, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்குச் செய்ய வேண்டியவை. குடங்களை நிரப்புங்கள். அரிசி டிரம்மை அறையில் மேடான இடத்துக்கு நகர்த்துங்கள். தீப்பெட்டியையும் மெழுகுதிரியையும் அடையாள அட்டைகளையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டுங்கள். கரண்ட் இருக்கும்போதே இடியப்ப மாவை வறுத்து ஆற வைத்துவிடுங்கள். அப்புறம் பக்கத்தில் புதிதாக வந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். முதல் மழைக்காலத்தில் அவர்களிடம் டிரம்மும் இருக்காது, செங்கல்லும் இருக்காது.