எலியின் அண்டகச் சுழற்சியைப் படிப்பது எப்படி? ஸ்மியரில் தொடங்கி வளர்ச்சிக் காரணிகள் வரை

எலிகளின் அண்டகத்தை ஹார்மோன்கள் எப்படி நடத்துகின்றன என்று படிக்க வருபவர்கள் பலரும் பாடநூல் வரைபடத்தில்தான் தொடங்குகிறார்கள். ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரு கோடு, எல்.எச்.சுக்கு (அண்டத்தை வெளியேற்றும் ஹார்மோன்; மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி சுரப்பது) ஒரு கோடு. இரண்டு நாளில் எல்லாம் கலந்துவிடும். அதற்குப் பதிலாக நுண்ணோக்கியில் தொடங்குங்கள். எலிக்கும் சுண்டெலிக்கும் ஒரு சுழற்சி 4 அல்லது 5 நாள்தான். யோனியின் செல்களைத் தினமும் பார்த்தாலே அண்டகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 1917-இல் ஸ்டாக்கார்டும் பாப்பனிகொலாவும் கினிப் பன்றியில் காட்டிய வழி இது. 1922-இல் லாங்கும் இவான்ஸும் எலியிலும், ஆலன் சுண்டெலியிலும் இதை விரிவாக எழுதினார்கள்.

படி 1: விலங்கறையைச் சரிசெய்யுங்கள்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. அப்புறம் வெளிச்சம். 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருள் என்று வைத்தால் அது ஒரு நாள்கூட மாறக் கூடாது. ஏன் என்பது படி 4-இல் புரியும். பெண் சுண்டெலிகளை மட்டும் கூட்டமாக ஒரே கூண்டில் அடைத்தால் சுழற்சி நீளும், சிலவற்றில் நின்றும் போகும். ஆணின் சிறுநீர் வாசனை பட்டால் மறுபடி கிளம்பும். ஆகவே கூண்டில் எத்தனை விலங்குகள், பக்கத்தில் ஆண் உண்டா என்பதையும் ஏட்டில் எழுதுங்கள்.

படி 2: மாதிரி எடுப்பது

தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடுங்கள். பிப்பெட்டில் 0.9 சதவீத உப்புக் கரைசல் கொஞ்சம் எடுத்து (சுண்டெலிக்கு 10 முதல் 20 மைக்ரோலிட்டர் போதும்), நுனியை யோனி வாயில் வைத்து, மெதுவாக இரண்டு மூன்று முறை உள்ளே விட்டு இழுத்து, ஸ்லைடில் பரப்புங்கள். இப்படிப் பரப்பிய மாதிரிதான் ஸ்மியர். நுனி ஆழமாகப் போகக் கூடாது. கருப்பைக் கழுத்து தூண்டப்பட்டால், இணை சேர்ந்துவிட்டதாக உடல் எடுத்துக்கொள்ளும். புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன் தினம் இருமுறை எழும்பத் தொடங்கும், கார்ப்பஸ் லூட்டியம் (அண்டம் வெளியேறிய இடத்தில் உருவாகும் சுரப்பி) நிலைக்கும், போலிக் கர்ப்பம் வந்துவிடும். எலியில் அது சுமார் 12, 13 நாள் நீடிக்கும். அதுவரை உங்கள் சுழற்சிக் கணக்கு நின்றுபோகும்.

படி 3: ஸ்லைடை வாசிப்பது

உலர்ந்த ஸ்லைடை 0.1 சதவீத கிரிஸ்டல் வயலெட்டில் ஒரு நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். சுழற்சியின் நான்கு கட்டங்களும் வரிசையாக இவை. திராட்சைக் கொத்து மாதிரி உருண்டையான, உட்கரு தெரிகிற செல்கள் திரளாக இருந்தால் புரோஈஸ்ட்ரஸ். உட்கரு இல்லாத, ஓரம் மடங்கிய தட்டையான செல்கள் நிறைந்திருந்தால் ஈஸ்ட்ரஸ். அந்தத் தட்டைச் செல்களுக்கு நடுவே வெள்ளணுக்கள் புகுந்திருந்தால் மெட்டஸ்ட்ரஸ். வெள்ளணுக்களே பெரும்பான்மை என்றால் டைஈஸ்ட்ரஸ். எது இருக்கிறது என்பதைவிட எது அதிகம் என்பதைப் பாருங்கள். ஒரு நாள் ஸ்லைடை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டாம். குறைந்தது இரண்டு முழுச் சுழற்சி பார்த்த பிறகே அந்த விலங்கு ஒழுங்காகச் சுழல்கிறது என்று எழுதலாம்.

படி 4: ஸ்லைடுக்குப் பின்னால் உள்ள ஹார்மோன்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஈஸ்ட்ரஸ் ஸ்லைடைப் பார்த்ததும் "இன்று ஈஸ்ட்ரோஜன் உச்சம்" என்று நினைப்பார்கள். உண்மையில் உச்சம் முந்தைய நாளே, புரோஈஸ்ட்ரஸிலேயே வந்து போய்விட்டது. ஈஸ்ட்ரோஜன் சொன்னபடி யோனிச் சுவர் தடித்து, செல்கள் முதிர்ந்து உதிர நேரம் பிடிக்கிறது. ஸ்லைடு எப்போதும் இரத்தத்துக்குப் பின்னால்தான் வரும்.

புரோஈஸ்ட்ரஸ் பகலில் ஏறிய ஈஸ்ட்ரோஜன் மூளையில் கிஸ்பெப்டின் என்ற பொருளைச் சுரக்கும் நியூரான்களைத் தூண்டுகிறது. அவை ஜி.என்.ஆர்.எச். என்ற மூளை ஹார்மோனை வெளிவரச் செய்ய, அன்று பிற்பகலில் பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். வெள்ளமாகப் பாய்கிறது. இரவு கடந்து ஈஸ்ட்ரஸ் விடியலுக்குள் அண்டங்கள் வெளியேறிவிடும். பிற்பகல் என்ற அந்த நேரத்தைக் குறிப்பது உடலின் ஒளிக் கடிகாரம். 1950-இல் எவரெட்டும் சாயரும் புரோஈஸ்ட்ரஸ் நாளின் பிற்பகல் 2 மணிக்கு எலிக்கு பார்பிட்யூரேட் என்ற மயக்க மருந்து கொடுத்து மூளையை அடக்கினார்கள்; அண்டம் வெளியேறுவது சரியாக ஒரு நாள் தள்ளிப்போனது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது. தவறவிட்ட நேரத்தை உடல் சில மணி நேரத்தில் ஈடுகட்டவில்லை, மறுநாள் அதே பிற்பகல் வரும்வரை காத்திருந்தது.

எல்.எச். பாய்ந்தபின் இன்ஹிபின் (எஃப்.எஸ்.எச்.சை அடக்கும் அண்டக ஹார்மோன்) குறைகிறது. அதனால் ஈஸ்ட்ரஸ் விடியலில் பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.எச். மட்டும் இரண்டாம் முறை உயர்ந்து, அடுத்த சுழற்சிக்கான ஃபாலிக்கிள்களை (அண்டசெல் வளரும் பைகளை) தேர்ந்தெடுக்கிறது.

படி 5: ஃபாலிக்கிளுக்குள் நடக்கும் பேச்சு

இதுவரை படித்ததை வைத்து, மூளை உத்தரவிடுகிறது, அண்டகம் கேட்டு நடக்கிறது என்று தோன்றும். மரபணு நீக்கிய சுண்டெலிகள் வேறு கதை சொல்கின்றன. எஃப்.எஸ்.எச். இல்லாத சுண்டெலியிலும் ஃபாலிக்கிள்கள் வளரத்தான் செய்கின்றன. உள்ளே திரவக் குழி உருவாகும் கட்டத்துக்கு முன்புதான் நிற்கின்றன. அப்படியானால் அதுவரை வளர்த்தது யார்?

ஃபாலிக்கிளே. அண்டசெல்லைச் சூழ்ந்த கிரானுலோசா செல்கள் கிட் லிகாண்ட் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து அண்டசெல்லை வளர்க்கின்றன. அண்டசெல்லும் சும்மா இல்லை, ஜி.டி.எஃப்.9 என்ற காரணியைச் சுரந்து கிரானுலோசா செல்களைப் பெருக வைக்கிறது. ஜி.டி.எஃப்.9 இல்லாத சுண்டெலியில் ஃபாலிக்கிள் ஒற்றை அடுக்கைத் தாண்டுவதில்லை என்று 1996-இல் தெரியவந்தது. வளரும் ஃபாலிக்கிள்கள் சுரக்கும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோன், உறங்கும் ஃபாலிக்கிள்கள் ஒரேயடியாகக் கிளம்பாமல் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் கையிருப்பு சீக்கிரம் தீரும். ஐ.ஜி.எஃப்.1 என்ற வளர்ச்சிக் காரணி கிரானுலோசா செல்களில் எஃப்.எஸ்.எச். ஏற்பிகளைக் கூட்டுகிறது. எஃப்.எஸ்.எச்.சின் சொல் எடுபடுவதற்கே உள்ளூர்க் காரணி ஒன்று தேவைப்படுகிறது.

எல்.எச். விஷயமும் இப்படித்தான். அதன் ஏற்பிகள் ஃபாலிக்கிளின் வெளிப்புறச் செல்களில் இருக்கின்றன, அண்டசெல்லில் இல்லை. வெளிச்செல்கள் ஆம்ஃபிரெகுலின், எபிரெகுலின் போன்ற இ.ஜி.எஃப். குடும்ப வளர்ச்சிக் காரணிகளை வெளியிட்டு, செய்தியை அண்டத்தைச் சூழ்ந்த குமுலஸ் செல்களுக்குக் கடத்துகின்றன.

படி 6: திசு வெட்டில் சரிபார்ப்பது

ஸ்மியர் பார்த்த விலங்கின் அண்டகத்தை 5 மைக்ரோமீட்டர் தடிமனில் தொடராக வெட்டி, எச் அண்ட் இ (ஹெமடாக்சிலின், இயோசின்) சாயமிடுங்கள். தட்டைச் செல் ஓரடுக்கு என்றால் ஆதி ஃபாலிக்கிள். கனசதுரச் செல் ஓரடுக்கு என்றால் முதல்நிலை. இரண்டு அடுக்கோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாம்நிலை. குழி தெரிந்தால் ஆன்ட்ரல். ஒரே ஃபாலிக்கிள் பல வெட்டுகளில் வரும் என்பதால், அண்டசெல்லின் உட்கரு தெரியும் வெட்டில் மட்டும் எண்ணுங்கள். பெரிய ஃபாலிக்கிள்களில் உட்கருவே பல வெட்டுகளுக்கு நீளும், அதை ஒன்றாகவே சேருங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் லேபிளிலும் அன்றைய ஸ்மியர் கட்டத்தோடு, விளக்கு எரிந்து எத்தனை மணி நேரம் கழித்து மாதிரி எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். புரோஈஸ்ட்ரஸ் காலை அண்டகமும் அன்றைய இரவு அண்டகமும் ஒன்றல்ல.