பரம்பரை குறித்து நாம் செய்துகொள்ளும் தவறான முடிவுகள்

தாலசீமியா என்னும் பரம்பரை ரத்தசோகை போன்ற ஒரு நோய்க்கான மரபணுவைத் தாயும் தந்தையும் ஆளுக்கு ஒன்றாகத் தாங்கியிருந்தால், பிறக்கும் குழந்தைக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. இதை "நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு வரும்" என்று கணக்கிடுவதே மரபியலில் மிகுந்த கேடு விளைவிக்கும் தவறு என்பேன். ஏனெனில் முதல் குழந்தை நோயோடு பிறந்துவிட்டால் அடுத்த மூன்றும் நலமாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில், பெற்றோர் கருக்காலப் பரிசோதனையையே கைவிட்டுவிடக்கூடும். ஒவ்வொரு கருவும் புதிதாக உருவாகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தையின் நிலை அதற்குத் தெரியாது. இரண்டாவது குழந்தைக்கும் மூன்றாவது குழந்தைக்கும் அதே 25 விழுக்காடுதான். நான்கு குழந்தைகளும் நோயின்றிப் பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 32 விழுக்காடு இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றுப் பிறப்பதும் நடக்கக்கூடியதே.

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை, ஆகவே இது மரபணுக் கோளாறாக இருக்க முடியாது" என்பதும் அடிக்கடி கேட்கப்படும் வாதம். ஒடுங்கு மரபணு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் மரபணு, எந்த அடையாளமும் காட்டாமல் பல தலைமுறைகள் கடந்து வரக்கூடியது. சில மாற்றங்களோ பெற்றோரின் உடலில் இல்லாமல், கருமுட்டையிலோ விந்தணுவிலோ முதன்முதலாகத் தோன்றுகின்றன. கைகால்கள் குறுகி வளரும் அகான்ட்ரோபிளேசியா உள்ளவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இயல்பான உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்களே. பிறவியிலேயே இருப்பதெல்லாம் பரம்பரையாக வந்தது என்று கொள்வதும் இதற்கு நேர் எதிரான பிழை. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா என்னும் வைரஸ் தொற்று ஏற்பட்டால் குழந்தை செவித்திறன் இழந்து பிறக்கலாம். அதில் மரபணுவுக்குப் பங்கில்லை.

ஓங்கு பண்பு என்றால் மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் பண்பு என்று பலர் எண்ணுகின்றனர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மரபணு வந்தாலும் வெளிப்படும் பண்பு என்பதே அதன் பொருள். மரபியலுக்கு அடித்தளமிட்ட கிரிகோர் மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில், ஓங்கு பண்புள்ள செடிகள் மூன்றுக்கு ஒடுங்கு பண்புள்ள செடி ஒன்று என 3:1 விகிதம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது கலப்பினச் செடிகளிலிருந்து வந்த அடுத்த தலைமுறையின் விகிதம். மூளை நரம்பணுக்களைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய்க்கான மரபணு ஓங்கு வகையைச் சேர்ந்தது, நோயோ அரிது. ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு, ஆயினும் உலகில் மிகுதியாகக் காணப்படுவது அதுவே.

ரத்த வகை என்றதும், குடும்பங்களைப் பிளக்கும் ஒரு சந்தேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தந்தை ஏ வகை, தாய் பி வகை, குழந்தை ஓ வகை என்றால் அதில் ஐயுறுவதற்கு எதுவுமில்லை: பெற்றோர் இருவரிடமும் வெளிப்படாத ஓ மரபணு ஒன்று இருந்திருக்கலாம், அவ்வளவே. பெற்றோரில் ஒருவர் ஓ வகை என்றால் ஏபி வகைக் குழந்தை பிறக்காது என்ற பொதுவிதிக்குக்கூட விலக்கு உண்டு. 1952-இல் அறிவிக்கப்பட்ட பம்பாய் ரத்த வகையினர், வழக்கமான சோதனையில் ஓ வகையினராகவே தோன்றுவர். ஆனால் அவர்களால் ஏ அல்லது பி மரபணுவைக் குழந்தைக்குக் கடத்த முடியும். ரத்த வகை அட்டையை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் நேர்மையைத் தீர்ப்பிடுவது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

பெண் குழந்தை பிறந்ததற்குத் தாயைக் குறைகூறுவதும் அத்தகைய அநீதியே. கருமுட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகிறது. பெண் குழந்தைக்கான எக்ஸ் அல்லது ஆண் குழந்தைக்கான ஒய் குரோமோசோமைக் கொண்டுவருவது விந்தணு. அதுவும் தந்தை தேர்ந்தெடுத்து நிகழ்வதன்று, ஆகவே பழியை அவர்மீது மாற்றிச் சுமத்துவதிலும் பொருளில்லை.

மரபணுவில் இருப்பதை மாற்றவே முடியாது என்ற எண்ணம், சிகிச்சை கிடைக்கக்கூடிய குழந்தைக்கும் அதைக் கிடைக்காமல் செய்துவிடும். உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற பொருளை உடலால் சரிவரச் சிதைக்க முடியாத பினைல்கீட்டோனூரியா முழுக்க முழுக்க மரபணுக் கோளாறு. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்படும். ஆனால் பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் அதைக் கண்டறிந்து, பினைல்அலனின் குறைந்த உணவுமுறையை உடனே தொடங்கித் தொடர்ந்து கடைப்பிடித்தால், அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளர முடியும்.