மழைக்கும் மின்வெட்டுக்கும் ஈடுகொடுக்கும் புளூடூத் மௌஸ்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் மாலை நேரங்களில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் கைமாறி வந்த பழைய மடிக்கணினிகள். டச்பேட் தேய்ந்து போயிருக்கும். முதல் தேவை ஒரு மௌஸ். அம்மா கொழுந்து எடுத்துக் கொண்டுவரும் சம்பளத்தில் வாங்கும் பொருள் அது. ஆகவே, “டீச்சர், மௌஸ் செத்துப்போய்விட்டது” என்று யாராவது வந்தால், புதிதாக ஒன்று வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படி வருபவற்றில் முக்கால்வாசியை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

முதலில் வாங்குவதைப் பற்றி. கம்பியில்லா மௌஸ் என்ற பெயரில் கடையில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, யூஎஸ்பி துளையில் செருகும் சிறு ரிசீவருடன் வருவது. மற்றொன்று ரிசீவர் இல்லாமல் கணினியின் புளூடூத்தோடு நேரே இணைவது. மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத் கிடையாது. அவற்றுக்கு ரிசீவர் வகையே பொருத்தம். இயங்குதளத்தையும் பாருங்கள். இன்றைய புளூடூத் மௌஸ்களில் அநேகமானவை, 2010இல் புளூடூத் 4.0 உடன் வந்த ‘லோ எனர்ஜி’ முறையில் வேலை செய்கின்றன. விண்டோஸ் 7 அதை நேரடியாக ஏற்காது. விண்டோஸ் 8இல் இருந்துதான் அந்த வசதி. ஓய்வுபெற்ற ஆசிரியரான பக்கத்து வீட்டு மாமா, நல்ல மௌஸ் ஒன்றை வாங்கி வந்து இணைக்க முடியாமல் திணறியதற்குக் காரணம் இதுதான். என்னைக் கேட்டால், ரிசீவர், புளூடூத் இரண்டிலும் இயங்கும் மௌஸை வாங்குங்கள் என்பேன். விலை சற்றுக் கூடினாலும் எந்தக் கணினிக்கும் பயன்படும்.

பற்றரியில் நான் பிடிவாதக்காரி. சார்ஜ் செய்யும் மௌஸைவிட ஏஏ பற்றரி, அதாவது பென் டோர்ச் பற்றரி, போடும் மௌஸே எங்கள் பக்கத்துக்கு உகந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. மடிக்கணினிக்கே சார்ஜ் போதாத நேரத்தில் மௌஸையும் அதில் மாட்ட முடியாது. பென் டோர்ச் பற்றரி என்றால் தோட்டத்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அல்கலைன் என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். மலிவான சாதாரண பற்றரி சீக்கிரம் தீர்ந்துவிடும், கசியவும் கசியும். ரீசார்ஜ் பற்றரி போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட் அல்ல, 1.2 வோல்ட். அதனால் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் கணினி ‘பற்றரி குறைவு’ என்று காட்டக்கூடும். பயப்பட வேண்டாம்.

இணைப்பது எளிது. மௌஸின் அடிப்பக்கத்தில் உள்ள இணைப்புப் பொத்தானை, விளக்கு வேகமாக மினுங்கும் வரை சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். விண்டோஸ் விசையையும் ஐ விசையையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். டச்பேட் வேலை செய்யாவிட்டால் டேப், என்டர் விசைகளாலேயே நகரலாம். புளூடூத் பகுதிக்குப் போய் ‘அட் டிவைஸ்’ கொடுத்துப் பட்டியலில் மௌஸைத் தெரிவு செய்யுங்கள். பழைய மாதிரி எதுவும் இரகசிய எண் கேட்டால் 0000 கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் ஒரே மாதிரி மௌஸ்கள் பல இருந்தால் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் தோன்றும், ஒருவர் மௌஸ் மற்றவர் கணினியோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று கணினிகளுக்கு மாற்றக்கூடிய மௌஸ் திடீரென்று அசையாமல் போனால், எந்தக் கணினி என்று மௌஸில் காட்டும் 1 என்ற எண்ணை யாரோ கைபட்டு 2 ஆக்கியிருப்பார்கள். அதை முதலில் பாருங்கள்.

இனி, எல்லோரும் குறைப்படும் விஷயம்: அம்புக்குறி தடுக்கித் தடுக்கி நகர்வது. பனிமூட்டம் சிக்னலை மறைக்கிறது என்று மஸ்கெலியாவில் இருந்து வரும் ஒரு மாணவன் உறுதியாக நம்பினான். மேசை அளவு தூரத்தில் மூட்டத்தால் ஒன்றும் ஆகாது. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலோரத்தில் ரூட்டரை வைத்து, அங்கேயே மேசையையும் போட்டுக்கொள்வது எங்கள் வீடுகளின் வழக்கம். ரூட்டரை இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள், அல்லது வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். அதை மௌஸுக்கு எதிர்ப்பக்கத் துளையில் மாட்டுங்கள்.

சிறிது நேரம் விட்டுவிட்டுத் தொட்டால்தான் தடுக்குகிறது என்றால் காரணம் வேறு: மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் புளூடூத்தை உறங்க வைக்கிறது. டிவைஸ் மனேஜரில் புளூடூத் அடப்டரைத் திறந்து, பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில் அதை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். சில மடிக்கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காது; அங்கே மௌஸைப் பட்டியலில் இருந்து நீக்கி மறுபடி இணைத்தால் பல சமயம் சரியாகும்.

ஈரம்தான் எங்கள் உண்மையான எதிரி. ஜூன், ஜூலையில் தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கச் சரிவுகளை விடாமல் நனைக்கும். உடுப்பே காயாத வாரங்களில் மௌஸ் மட்டும் எப்படித் தப்பும்? பற்றரியைக் கழற்றி, தகடுகளில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அல்கலைன் பற்றரி கசிந்தால் வரும் வெள்ளைத் தூள் காரத் தன்மை உடையது. வெறும் விரலால் தொட வேண்டாம். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சம் பழச்சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரப் பஞ்சால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். மிச்சமிருக்கும் மங்கலை அழிறப்பரால் தேய்த்தால் தகடு பளிச்சென்று வரும். ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் அக்கா சொல்லிக்கொடுத்த முறை இது. இரவில் மௌஸை மூடியுள்ள டின்னில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். விடுமுறையில் வீட்டைப் பூட்டிப் போனால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள்.

கண்ணாடி மேசையிலும் மினுமினுக்கும் பிளாஸ்டிக் விரிப்பிலும் மௌஸின் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. பழைய கலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும்.

ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகத் திறக்கிறதென்றால் உள்ளே சுவிட்ச் பழுதாகியிருக்கிறது. ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து அதை மட்டும் மாற்றலாம்.

பையில் போட்டு பஸ் ஏறும்போது அடிப்பக்கச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மலைப்பாதைக் குலுக்கலில் மௌஸ் அசைந்து அசைந்தே பற்றரி இறங்கும். ரிசீவரைக் கணினியிலேயே விட்டால் வளைந்துபோகும். பற்றரிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு குழி இருந்தால் அதற்குள் வைத்து மூடுங்கள்.