மலையாள நூலிலிருந்து தமிழ் ஆய்வேட்டுக்கு: மேற்கோள் காட்டும் முறை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வரலாற்றை ஆராய்பவர் மலையாள நூல்களைத் தொடாமல் இருக்க முடியாது. 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலுகாக்கள் இன்றைய கேரளத்தின் தென்பகுதியோடு ஒரே ஆட்சியில் (திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி) இருந்தவை. கருத்துத் திருட்டும் பெரும்பாலும் இந்த வழியில்தான் நுழைகிறது. மலையாளப் பத்தியைத் தமிழாக்கிவிட்டால் அது தன் எழுத்து என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் அதைத் தவறவிடலாம். இரு மொழியும் அறிந்த தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் பிடித்துவிடுவார்.

குறிப்பெடுக்கும்போதே காப்பு வேண்டும். நோட்டின் இடப்பக்கத்தில் மூல வரியை மலையாள எழுத்திலேயே, பக்க எண்ணோடு எழுதுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு, புரிந்ததை வலப்பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். இரண்டும் கலந்தால், அத்தியாயம் எழுதும்போது எது யாருடைய வரி என்று தெரியாது.

மூலத்தில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: ‘குளங்கள் தூர்ந்தன, வயல்கள் வாழைத்தோட்டமாயின, கூலி வேலை குறைந்தது.’

‘ஏரிகள் தூர்ந்துபோயின, நெல்வயல்கள் வாழைத்தோப்புகளாயின, கூலி வேலையும் அருகியது’ என்று எழுதினால் அடியில் பெயர் போட்டாலும் குற்றமே. சொல் மட்டும் மாறியிருக்கிறது, அடுக்கு அப்படியே நிற்கிறது.

‘கூலி வேலை குறைந்ததைக் குளங்கள் தூர்ந்ததோடு சேர்த்துச் சொல்கிறார் ஆசிரியர், நெல் போய் வாழை வந்ததை இடையில் வைக்கிறார்’ என்று எழுதி, பெயர், ஆண்டு, பக்கம் கொடுத்தால் சரி.

வரியை அப்படியே தருவதானால் மேற்கோள் குறி இட்டு, ‘தமிழாக்கம் ஆய்வாளருடையது’ என்று சேருங்கள். மலையாள மூலம் அடிக்குறிப்பில் வரட்டும். ஏபிஏ முறையில் (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) 40 சொல்லோ அதற்கு மேலோ போனால் குறி வேண்டாம், உள்தள்ளித் தனிப் பத்தியாக்க வேண்டும்.

திருவிதாங்கூர் அரசின் விவரக் கையேட்டை ‘ஸ்டேட் மேனுவல்’ என்று மட்டும் எழுதுவது பயனற்றது. நாகம் ஐயாவுடையது 1906, வேலுப்பிள்ளையுடையது 1940; இரண்டும் பல தொகுதிகள். தொகுதி எண்ணும் பக்கமும் அவசியம். வேறொருவர் நூல் வழியாகத்தான் பார்த்தீர்கள் என்றால் அந்த நூலையே காட்டுங்கள்.

மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டை மூலத்தில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் ஆங்கில ஆண்டைத் தாருங்கள். ஆண்டின் முதல் மாதமான சிங்ஙம் (ஆவணி) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் கடைசி மாதமான கர்க்கடகம் (ஆடி) வரை 825 கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 1099 கர்க்கடகத்துப் பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது.

2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறைப்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதைக் காப்பியடிக்கக் கிடைத்த சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருளின் அறிக்கை வந்ததும் அது நிறமிட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விட்டுப்போன மேற்கோள் குறியையும் பக்க எண்ணையும் சேருங்கள்.